நாற்பதாவது டோக்கன்

"சிபாரிசுக் கடிதம்தானே வேணும்? நேராச் சொல்லிடு. சுத்தி வளைக்காதே."

பொறுப்பாளரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எதிரே நின்றவள் பதினோராம் வகுப்பு மாணவி. விடுமுறையில் ஒரு மாத இன்டர்ன்ஷிப்புக்காக அந்தக் குழந்தைகள் மையத்துக்கு வந்தவள். இன்றோடு முடிகிறது.

"கடிதமெல்லாம் வேண்டாம், மேடம். நிறுவனரோட ரெண்டு நிமிஷம் பேசணும். நன்றி சொல்லணும்."

"நன்றியா!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பதினேழு வருஷ சர்வீஸ். நன்றியில் ஆரம்பித்த எந்த இன்டர்னும் கையெழுத்து வாங்காமல் முடித்ததில்லை. போன வருஷம் ஒருவன் நாலே நாள் வந்தான், மூன்று பலூன் ஊதினான், 'குழந்தைகள் நலனில் தலைமைப் பண்பு' என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனான். அதில் ஒரு பலூன் வெடித்தும் போயிற்று.

இவள் வேறு ரகம் என்பதையும் மறைக்க முடியாது. ஒழுகுகிற மூக்கைத் துடைத்தாள். மூலையில் கிடந்த புத்தகங்களைத் தூசு தட்டினாள். எழுத்தைக் கண்டாலே மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டு 'எலி' என்று பெயர் வாங்கிய பையனை வெளியே இழுத்துப் படிக்க வைத்தாள். ஆனால் வந்த முதல் நாளே அவள் கேட்டது, "நிறுவனர் எப்ப வருவார்?" என்றுதான். அங்கேதான் அம்மாவுக்குப் பொறி தட்டியது.

"அவ்வளவு அவசியம்னா உங்க அப்பாவை வந்து அவரைப் பார்க்கச் சொல்லேன்."

"அப்பாவைப் பிடிக்கிறது அதைவிடக் கஷ்டம், மேடம்."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. மையத்துப் பிள்ளைங்க நாப்பது பேர், அவரைப் பார்க்க டோக்கன் நாப்பது. இன்டர்னுக்குக் கிடையாது."

"எனக்கும் பதினாறுதான். சட்டப்படி நானும் குழந்தைதான்."

"சட்டம் பேசறே பாரு, அப்பவே குழந்தைத்தனம் போயிடுச்சு. போ, போய் வரிசையை ஒழுங்கு பண்ணு."

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நிறுவனர் வருவார். ஒரு குழந்தைக்கு இரண்டு நிமிடம் வீதம் உட்கார்ந்து கேட்பார். அவர் வருவதற்கு முன்பே அவருடைய புகைப்படக்காரர் வந்துவிடுவார். அதற்கும் முன்பே, 'ஒவ்வொரு குழந்தையும் என் குழந்தை' என்ற சுவர் எழுத்துக்குப் புது வர்ணம் வந்துவிடும்.

கார் வந்தது. ஒரு காதில் போன், மறு காதில் செயலாளர். சுற்றிலும் கையசைத்துக்கொண்டே நிறுவனர் நுழைந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மாணவிக்கும் ஒரு கையசைப்பு விழுந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மனிதர் வேறு ஆள். போன் செயலாளரிடம் போய்விடும்.

"என் தம்பி என் ரப்பரைத் தின்னுட்டான்" என்றது டோக்கன் ஏழு.

"ஐயையோ, முழுசாவா?"

"பாதி."

"அப்ப மீதியை ஒளிச்சு வை. ருசி கண்டுட்டான்."

குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. ஒவ்வொன்றும் அவரிடமிருந்து எழுந்து வரும்போது அரை அடி வளர்ந்த மாதிரிதான் வந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், இந்த மனிதருக்காகச் சுவருக்கு இன்னொரு கோட் வர்ணம்கூட அடிக்கலாம் என்று அம்மாவுக்குத் தோன்றும்.

மாணவியும் பார்த்துக்கொண்டே நின்றாள். வரிசை குறையக் குறைய அவள் முகமும் சின்னதாகிக்கொண்டே வந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

கடைசியில் நின்ற எட்டு வயது 'வாலு' அவள் கையைச் சுரண்டினாள். "அக்கா, இந்தா."

"இது உன் டோக்கன்டி."

"நான் பேச வேண்டியதை எல்லாம் ஒரு மாசமா உன்கிட்டயே பேசித் தீர்த்துட்டேன். ஒரு தடவைகூட நீ கடிகாரம் பார்க்கலை. நீ போய்ப் பேசு."

"நெஜமாவா? தாங்க்ஸ்டி தங்கம்..."

"தாங்க்ஸை அப்புறம் சொல்லிக்கலாம், ஓடு! செயலாளர் டோக்கன் பெட்டியை மூடறாரு."

டோக்கனைக் கைமாற்றக் கூடாது என்பது விதி. எழுதியவரே பொறுப்பாளரம்மாதான். அவர் அண்ணாந்து மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினார். மூன்றுதான் இருந்தன. இரண்டு தடவை எண்ணினார். பிறகு, கடிதம் என்ற வார்த்தை வந்தால் பாய்ந்து தடுக்கலாம் என்று பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

முப்பத்தொன்பது குழந்தைகளின் கதை கேட்டுக் களைத்துப்போன நிறுவனர் கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடியபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு, சொல்லு."

"முதல்ல நன்றி. இப்படி ஒரு இடத்தைக் கட்டினதுக்கு."

இதோ வருகிறது என்று அம்மா காதைத் தீட்டிக்கொண்டார்.

"இங்க ஒரு பையன் எழுத்தைக் கண்டாலே ஓடி ஒளிஞ்சுக்குவான். ஒரு மாசமா அவன்கூட மேஜைக்கு அடியிலயே உக்காந்து சொல்லிக் குடுத்தேன். நேத்து ஒரு பக்கம் முழுசாப் படிச்சான். படிச்சு முடிச்சதும் என்னைக் கட்டிக்கிட்டான். இதுவரைக்கும் நான் செஞ்சதுலயே இதுதான் பெருசு."

அவள் நிறுத்திவிட்டாள். கடிதமும் கேட்கவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை. பதினேழு வருஷ சர்வீஸ் பொய்த்துப்போய் அம்மா திகைத்து நின்றார்.

"அடடே!" நிறுவனரின் கண்ணாடித் துடைப்பு பாதியில் நின்றது. "எவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கே! இதை எங்கிட்டச் சொல்றதுக்கு முன்னாடி உங்க அப்பாகிட்ட இல்ல சொல்லியிருக்கணும்?"

"அதுக்குத்தான் டோக்கன் வாங்கிட்டு வந்தேன், அப்பா" என்றாள் அவள், மனசு நிறைந்து.