வெளிப்பக்கம் திறக்கும் கதவு

அவள் உட்காரவில்லை. சுருட்டி வந்த வரைபடத்தை என் மேஜையில் விரித்து, மூலைகளில் என் சாமான்களையே எடுத்துப் பாரம் வைத்தாள்.

டிசைன் படிக்கிற பிள்ளைகள் இப்படித்தான். மனநல ஆலோசகரைப் பார்க்க வந்தாலும், கையில் வரைபடம் இல்லாமல் இவர்களுக்குப் பேச்சு வராது.

அவளுடைய ஆசிரியர் காலையிலேயே என்னிடம் வந்து புலம்பிவிட்டுப் போயிருந்தார். நல்ல கையாம். ஆனால் வீடோ விடுதியோ எதைக் கொடுத்தாலும் குளியலறைக் கதவை மட்டும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரியே வரைகிறாளாம். தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்துவிட்டாராம். இந்த முறையும் திருத்தவில்லை என்றால் ஃபெயில்தான், ஒரு வருடம் போய்விடும், நீங்களாவது புத்தி சொல்லுங்கள் என்றார்.

கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்ட ஒரு கால்வட்டம் போடுவார்கள். அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். இத்தனை வருடமாக இவர்களோடுதானே குப்பை கொட்டுகிறேன்.

குளியலறையின் கால்வட்டம் குறுகலான நடைவழிக்குக் குறுக்கே விழுந்திருந்தது. ஆசிரியர் அதைச் சிவப்பில் சுழித்திருந்தார்.

எனக்கும் எரிச்சல்தான். ஒரு கோட்டைத் திருப்பிப் போட என்ன கேடு? வருடம் போனால் யாருக்கு நஷ்டம்?

“சார் சொல்றதும் சரிதானேம்மா. கதவைத் திறந்தா, வெளியில நடந்து வர்றவங்க மேல இடிக்காதா?”

“இடிச்சா நகர்ந்துக்குவாங்க மேடம்.”

துடுக்காகப் பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், அவள் அந்தக் கால்வட்டத்தின் மேல் விரலை வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாவால நகர முடியல.”

விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்ததாம். குளிக்கப் போனவர் உள்ளே கதவை ஒட்டி விழுந்திருக்கிறார். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. ஆனாலும் கதவு திறக்கவில்லை. உள்ளே முனகல் கேட்டது. என்னவோ தடுக்கிறது, நன்றாகத் தள்ளு என்று அம்மா சொல்ல, இவள் தோளைக் கொடுத்துத் தள்ளியிருக்கிறாள்.

தடுத்தது அப்பாவின் தலை என்று பிறகுதான் தெரிந்தது.

“சத்தம் நின்ன பிறகும் தள்ளினேன் மேடம்.”

அதிலிருந்து எந்தக் கதவைத் தள்ளினாலும் அந்த முனகல் கேட்கிறதாம். சற்று முன் என் அறைக்குள் வரும்போதும் கேட்டது என்றாள்.

படித்த படிப்பில் இதற்கு ஏதாவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் தேடிக்கொண்டிருக்காமல் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லிட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவளும் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்பாடா என்றிருந்தது. ஆசிரியரிடம் நானே பேசுகிறேன், நீ ஒரு கோட்டையும் மாற்ற வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். அடுத்து வரவேண்டிய மாணவியாக இருக்கும். நாள் முழுக்க இதையே சொல்லிச் சொல்லிப் பழகிய பாழாய்ப்போன வாய், நான் யோசிப்பதற்குள் சொல்லிவிட்டது.

“திறந்துதான் இருக்கு. கொஞ்சம் இறுக்கம், நல்லாத் தள்ளுங்க.”

அவள் கையை உருவிக்கொண்டாள்.