செல்லாத சொல்

சிரில் ரெய்னை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, ஸ்கிராபிள் சங்கத்திலிருந்து அவரை வெளியே தள்ளிய அன்றைக்கு.

யார்க்‌ஷயர் கடலோரத்தில் எங்களுடையது சின்ன ஊர். செவ்வாய்தோறும் மதியம் சர்ச் கூடத்தில் சங்கம் கூடும். கையிலிருக்கும் எழுத்துக் கட்டைகளை வைத்து ஆங்கிலச் சொல் கட்டும் ஆட்டம். இல்லாத சொல்லை வைத்தால், எதிராளி "செல்லாது" என்று சொல்லலாம். வைத்தவர் கட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு அந்த முறையை இழக்க வேண்டியதுதான்.

நான் உறுப்பினன் இல்லை. மனைவி போன பிறகு செவ்வாய் மதியங்களில் அங்கே தேநீர் போட்டுக் கொடுத்துவந்தேன்.

தலைவி மார்ஜரி ஸ்டாக்டேல்.

"அஞ்செழுத்து. க்யூ இருக்கணும், யூ இருக்கக் கூடாது. யாராவது சொல்லுங்க பார்ப்போம்!" என்பார். யாரும் வாய் திறக்குமுன் அவரே, "ஃபக்கீர், தலாக், கனாத்!" என்று அடுக்கிவிடுவார்.

"கனாத்னா என்னங்க மேடம்?" என்று ஒருநாள் சிரில் கேட்டார்.

"அர்த்தம் எதுக்கு? அகராதியில இருக்கு. செல்லும். அவ்வளவுதான்."

அவரை வெளியே தள்ளிய அன்று சிரிலுக்கு எதிரே ஐவி. ஒரு காலத்தில் சங்கத்தின் சாம்பியன். பக்கவாதத்துக்குப் பிறகு அதிகம் பேசுவதில்லை. மகள் ஜில் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டுக் கடைக்குப் போவாள். ஐவியோடு ஆட யாரும் வருவதில்லை. அவர் ஒரு கட்டை வைப்பதற்குள் தேநீர் ஆறிவிடும் என்பார்கள். சிரில் மட்டும் போய் உட்காருவார்.

சிரில் ஐந்து கட்டைகளை வைத்தார். 'ஸ்னோர்ப்'.

ஐவி உற்றுப் பார்த்தார். கண் பளிச்சென்றது. நல்ல கையால் மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"செல்லாது!"

"ஏம்மா செல்லாது? மழையில நனைஞ்ச நாய் சோபாவுக்குப் பக்கத்துல நின்னு உடம்பை உதறுமே, அதுதான் ஸ்னோர்ப். எங்க வீட்ல தினம் நடக்கும்."

"செல்லாது! செல்லாது!"

"சரி தாயே, எடுத்துக்கறேன். இந்த ஊர்ல நாய்க்கு ஒரு மதிப்பே இல்ல."

மார்ஜரி எழுந்து வந்தார். கூடமே திரும்பியது.

"மிஸ்டர் ரெய்ன், வாரா வாரம் இதே திருட்டு! எங்களோட ஆடறப்ப இப்படி வைக்கிறீங்களா? கிடையாது. உடம்பு முடியாதவங்க, கண்டுக்க மாட்டாங்கன்னு அவங்ககிட்ட மட்டும் இல்லாத வார்த்தையா வெச்சுத் தள்ளறீங்க."

"குழந்தை கையில இருக்கற பிஸ்கட்டைப் பிடுங்கற மாதிரி!" என்றார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், வாயில் பிஸ்கட்டோடு.

"என்ன சமாதானம் சொல்லப்போறீங்க?"

சிரில் ஐவியைப் பார்த்தார். ஐவி ஜெயித்த சந்தோஷத்தில் தன் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஸ்பெல்லிங் எனக்குச் சின்ன வயசிலேர்ந்தே தகராறு, மேடம்."

"இந்த ஆட்டத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. இவரை நீக்கணும்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கை பாக்கியில்லாமல் எழுந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு வந்த சிரில், என்னிடம் கோப்பையை நீட்டினார்.

"ஏம்ப்பா ஹெர்பர்ட், இதைத் தேநீர்னு எந்த அகராதியில போட்டிருக்கான்?"

சிரித்துக்கொண்டேதான் போனார். அடுத்த செவ்வாய் வருவதற்குள் மாரடைப்பில் இறந்துவிட்டார்.

அடக்கத்துக்குச் சங்கம் மொத்தமும் கறுப்பு உடையில் வந்தது. மலர்வளையம்கூட வைத்தார்கள். அடக்கம் முடிந்து, வந்தவர்களுக்கு வைத்திருந்த சாண்ட்விச் மேஜையருகே மார்ஜரி, ஜில்லின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போனவரைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனா உங்க அம்மாவை ஏமாத்திக்கிட்டிருந்தாரும்மா. நாங்கதான் தடுத்து நிறுத்தினோம்."

ஜில்லுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையை உருவிக்கொண்டாள்.

"எங்கம்மா வீட்ல ஒரு வார்த்தை பேசறதில்ல மேடம். என் பேரைக்கூடச் சொல்ல வரல. ஒருநாள் சிரில் நெஜமாவே ஸ்பெல்லிங்கைத் தப்பா வெச்சுட்டார். அம்மா 'செல்லாது'ன்னு கத்தினாங்க. உடம்புக்கு வந்தப்புறம் அவங்க வாயில வந்த மொதல் வார்த்தை! அன்னிலேர்ந்து அந்த மனுஷன் வாரம் பூரா யோசிச்சு யோசிச்சுத் தப்புச் சொல்லாக் கொண்டுவருவார். வேணும்னே தோத்துக் குடுக்கறார்னு தெரிஞ்சா அம்மா வாயை மூடிடுவாங்க, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார்."

மார்ஜரி சாண்ட்விச்சைத் திறந்து உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தார்.

"இருக்கட்டும்மா. ஆனாலும் ஸ்னோர்ப்னு ஒரு சொல் கிடையாதே!"

அதன் பிறகும் ஐவி செவ்வாய்தோறும் வந்துகொண்டிருந்தார். பிராயச்சித்தம் மாதிரி மார்ஜரியே எதிரில் உட்கார்ந்து ஆடினார். அவர் வைத்த சொற்கள் எல்லாமே அகராதியில் இருந்தன.

ஐவி கடைசிவரை வாய் திறக்கவில்லை.