லண்டன் தட்டும் ஜப்பான் தட்டும்

ஒரே ராக் ஆல்பத்தின் இரண்டு இசைத்தட்டுகள் ஓர் அலமாரியில் ஒட்டி உரசிக்கொண்டு குடியிருந்தனவாம். ஒன்று லண்டனில் அச்சானது, மற்றது ஜப்பானில். எது நன்றாக ஒலிக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடப் போவதாக வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து லண்டன் தட்டுக்குப் பயம். வாய் மட்டும் குறையவில்லை.

"என் டிரம் அடி வயித்துக்குள்ள இறங்கும்டா. உன்னுது தகர டப்பா."

"உன் கரகரப்புல டிரம் எங்க கேக்குது, பெருசு?" என்றது ஜப்பான் தட்டு.

ஸ்பீக்கருக்குப் பின்னால் பிறந்து வளர்ந்த பல்லி எட்டிப் பார்த்தது. "சண்டை இருக்கட்டும். பிறந்ததுலேர்ந்து ஆரம்பத்தை மட்டும்தான் கேட்டிருக்கேன், அந்தப் பாட்டு எப்படி முடியும்? அதைச் சொல்லுங்க."



அதற்குள் வீட்டுக்காரர் வந்தார். லண்டன் தட்டைச் சுழலவிட்டார். முதல் டிரம் அடி விழுந்ததுமே ஊசியைத் தூக்கிவிட்டார். ஜப்பான் தட்டுக்கும் அதே கதிதான். கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தவர், "அமெரிக்கத் தட்டும் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்," என்று போய்விட்டார்.

தலை தப்பிய லண்டன் தட்டு மெதுவாகக் கேட்டது: "தம்பி, நம்மகிட்ட பாட்டெல்லாம் இருக்குதானே?"

"இருக்கும்ணே. உறை மேல அச்சடிச்சிருக்கே."