யார் கலைத்தது?

“மொட்டைக் கடுதாசி போட்டது நீங்கதானே? உள்ளதைச் சொல்லிடுங்க.”

மதில் சுவருக்கு இந்தப் பக்கம் தையல்காரி; அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி. சத்தம் கேட்டு ஜன்னலைத் திறக்கவேண்டிய அவசியம் தெருவில் யாருக்கும் இல்லை. எல்லாம் ஏற்கெனவே திறந்துதான் இருந்தன.

“எனக்கு எதுக்குங்க அந்த வேலை? கேஸ் சிலிண்டருக்கே எம் பையன்தான் எழுதிக் குடுக்கணும்.”

தையல்காரி நம்பவில்லை. குழந்தைகள் இல்லத்திலிருந்து அவள் அழைத்துவந்து வளர்த்த பெண், வாலு என்று தெரு முழுக்கப் பெயரெடுத்தவள், ஆறு வருஷமாக அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டாள். பதினெட்டு முடிவதற்குள் முறைப்படித் தத்தெடுத்தால் மகள். தவறினால் வேறு ஊர் விடுதி.

இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தத்துக் கொடுக்க, இல்லமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கியிருந்தன. தையல்காரியும் பெயர் கொடுத்தாள். நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

உடன் சேர்ந்தவர்களில் அவளுக்குத் தெரிந்த நாலு பேருக்கும் ஆறே மாதத்தில் காரியம் முடிந்தது. இவள் மனு மட்டும் ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று திரும்பித் திரும்பி வந்தது. யாரோ கலைத்துவிடாமல் இப்படி நடக்குமா?

சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஒரே ஆள், பல்கலைக்கழகத்து சர்வேப் பெண். மாதம் தவறாமல் வந்து உட்கார்ந்து, “இது உன் வீடுன்னு தோணுதா? அஞ்சுக்கு எத்தனை மார்க் குடுப்பே?” என்று வாலுவைக் கேட்டு எழுதிக்கொள்வாள். தையல்காரி அவளுக்கு ஆசையாக மூன்று உடுப்பு தைத்துக் கொடுத்திருந்தாள்.

எந்தத் தாள் குறைகிறது என்று கேட்டால் மட்டும் அந்தப் பெண் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, தான் அதெல்லாம் சொல்லக் கூடாது என்பாள். படித்த பிள்ளை, அளந்துதான் பேசும் என்று தையல்காரி மெச்சிக்கொண்டாள்.

பதினெட்டு முடிந்தது. வாலு பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போனாள். தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் போயிருக்கமாட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரியும் மகனோடு இருக்க வேறு ஊருக்குக் குடிபோனாள். சொல்லிக்கொள்ள வந்தவளுக்கு இவள் கதவைத் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் பல்கலைக்கழகம் எல்லாக் குடும்பங்களையும் அழைத்துத் திட்டத்தின் முடிவை அறிவித்தது. திரையில் இரண்டு பட்டியல். வழிகாட்டி ஒருவர் கூடவே நின்று உதவிய பன்னிரண்டு வீடுகளில், பதினொன்றில் தத்து முடிந்துவிட்டது. மற்றப் பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை. திட்டம் வெற்றி என்று அரங்கமே கைதட்டியது.

தையல்காரியும் தட்டினாள், திட்டத்தில் தன் வீட்டுக்குக் கொடுத்திருந்த எண் இரண்டாவது பட்டியலில் கண்ணில் படும்வரை.

வாசலில் சர்வேப் பெண்ணை மடக்கினாள். “எங்க வீட்டுக்கு மட்டும் ஏன்மா வழிகாட்டி வரல?”

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

“உதவி கிடைக்காத வீடும் பன்னெண்டு வேணும்ல அக்கா... இல்லன்னா எதோட ஒப்பிட்டுப் பாக்கறது?”