செல்லம்மாவுக்கு ஒரு பெட்டி

போன வாரம் கொடுத்த பெட்டி திரும்பவும் மேசைமேல் வந்து உட்கார்ந்ததும் கஸ்தூரிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. போன மாதம் இப்படித்தான் ஒருவர் சார்டின் மீன் டின் பிடிக்காது, கோழிக் கறி டின் வேண்டும் என்று வந்து நின்றார்.

“என்னம்மா, அரிசியில வண்டா? இல்ல, பிராண்டு பிடிக்கலையா?”

அங்கம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மாசாயிலிருந்து இரண்டு பஸ் மாறி ஜொகூர் பாருவுக்கு வந்து, அந்தப் பெட்டியோடு மூன்று மாடிப் படியும் ஏறியிருந்தாள்.

“சாமான்ல ஒரு குறையும் இல்ல டீச்சர். எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.”

கஷ்டப்படும் குடும்பங்களுக்கு மாதம் ஒரு பெட்டி மளிகைச் சாமான் கொடுக்கும் உதவி இயக்கம் அது. ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கஸ்தூரிதான் பொறுப்பாளர். இயக்கத்தின் வெப்சைட்டையும் பேஸ்புக்கையும் கவனிப்பவன் தீபன். அங்கம்மாவைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தவன் இன்னும் உட்காரவில்லை.

“வேண்டாமா? ஏன், வீட்டுக்காரருக்கு உடம்பு தேறிடுச்சா?”

“அவர் படுத்த படுக்கைதான் டீச்சர்.” அங்கம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். “இதப் பாருங்க. கோயில் குரூப்ல வந்துச்சு. நேத்திலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல.”

கஸ்தூரிக்கு அந்தப் படம் மனப்பாடம். நிறமெல்லாம் வடிந்துபோன ஓர் இருட்டுக் குசினி. அடுப்படியில் முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கும் ஒரு பெண். கீழே, ‘செல்லம்மா வீட்டில் மூன்று நாட்களாக அடுப்பு எரியவில்லை. நாமும் கைவிட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?’ அந்தப் படத்தைத் திருத்தித் தயாராக்கத் தீபன் ஒரு நாள் முழுக்கக் கணினியை விட்டு எழவில்லை. படம் வெளியானதிலிருந்து அலுவலகத்தின் போன் ஓயவில்லை, சிங்கப்பூரிலிருந்துகூட ஆட்கள் கூப்பிட்டார்கள்.

“என் வீட்ல லைட்டு எரியுது டீச்சர். பழசானாலும் ஃபிரிட்ஜ் ஓடுது. இந்த அம்மா வீட்டுச் சுவத்துல பாருங்க, ஒரு சாமி படம்கூட இல்ல. இப்படி ஒருத்தி கெடக்கறப்ப நான் கை நீட்டி வாங்கித் திங்கிறேனேன்னு வெக்கமாப் போச்சு. இந்தப் பெட்டிய அவங்களுக்குக் குடுத்துடுங்க.”

கஸ்தூரிக்கு முகம் சுண்டிவிட்டது. வண்டா என்று கேட்ட வாயைப் பொத்திக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆனாலும் எத்தனை நாள் பழக்கம், அது எங்கே போகும்?

“தீபன்! இத அப்படியே வீடியோ எடு. வாங்கறவங்களே இன்னொருத்தருக்குக் குடுக்கறாங்க. வெப்சைட்ல முதல் பக்கத்துல போடலாம் லா!”

அந்த அலுவலகத்தில் யார் தும்மினாலும் வீடியோ எடுக்கிற தீபன், போனைத் தொடவே இல்லை.

“வேணாம் டீச்சர்.” அவன் காது வரைக்கும் சிவந்திருந்தது. “அக்கா, பெட்டிய வீட்டுக்குக் கொண்டு போங்க. நானே உங்கள கார்ல கொண்டுபோய் விடறேன்.”

“அதெப்படி தம்பி? நீங்கதான் ரெண்டு மாசத்துக்கு முந்தி வீட்டுக்கு வந்து, என் கஷ்டத்தையெல்லாம் கேட்டு எழுதிக்கிட்டுப் போனீங்களே. இந்த அம்மா அளவுக்கு நான் கெட்டுப்போகல. நான் தட்டு கழுவற கடையில மிச்சம் மீதி குடுப்பாங்க, சமாளிச்சுக்குவேன்.”

“அவங்களுக்கு ஏற்கெனவே பெட்டி குடுத்தாச்சுக்கா.”

“என்னைய அனுப்பறதுக்காகச் சொல்றீங்க. குடுத்தாச்சுன்னா ஏன் இன்னும் இந்தப் படம் ஓடுது? விலாசத்தச் சொல்லுங்க, நானே நேர்ல போய்க் குடுக்கறேன்.”

கஸ்தூரி குறுக்கே புகுந்தாள். “விலாசமெல்லாம் வெளிய சொல்றதில்லம்மா. முகத்தக் காட்ட மாட்டோம். பேரையும் மாத்தித்தான் போடுவோம். வாங்கறவங்களுக்கும் மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். தீபன் தலையைக் குனிந்துகொண்டான். ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிப் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டால் இந்த நிமிஷம் தப்பித்துவிடலாம். ஆனால் படுக்கையில் கிடக்கும் மனுஷனுக்கு இந்த மாதம் கடையில் மிஞ்சியதுதான் சோறு. அவனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

“விலாசம் வேண்டாம் தம்பி. எந்தப் பக்கம்னாச்சும் சொல்லுங்க, நான் விசாரிச்சுக்கறேன்,” என்றாள் அங்கம்மா. “படம் எடுத்தது நீங்கதானே?”

“நான்தான்க்கா.”

அங்கம்மா பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதைத் திரும்ப அவள் பக்கமே தள்ளினான்.

“நீங்க எனக்குத் தேத்தண்ணி கலக்கிட்டு இருந்தப்ப எடுத்த படம்க்கா அது.”