எண்பத்தொன்பது சிரிப்பு

"தொண்ணூறு நாள்ல எண்பத்தொன்பது நாள் சிரிச்ச மூஞ்சி! யாரை ஏமாத்தப் பாக்கறேள்?"

மருந்து ஆராய்ச்சிப் பிரிவில் நோட்டுகளைச் சரிபார்க்கிற அனந்தலக்ஷ்மி, நோட்டைத் திருப்பி வடிவம்மாளின் முன்னால் வைத்தாள்.

வடிவம்மாள் பொன்முடி எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். மகள் இசக்கிசெல்வியைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் மலையிறங்கி, திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள்.

மகளுக்குப் பத்து வயது. ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகிற நோய். வளைந்தவை ரத்தக் குழாயில் அடைத்துக்கொண்டால் எலும்புக்குள் குடைந்தெடுக்கும். அதற்கு ஒரு புது மருந்தை நாற்பது பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில், நோட்டில் வரைந்திருக்கும் ஐந்து முகங்களில் ஒன்றைப் பிள்ளையே வட்டம் போட வேண்டும். முதல் முகம் சிரிக்கும். ஐந்தாவது அழும்.

"நான் அதைத் தொடவே மாட்டேன் சேச்சி. எனக்கு எழுத்தும் தெரியாது. அவதான் போடுதா."

"அப்போ இது என்ன? ஆடி மாசம் மூணு நாள் ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்திண்டு கிடந்திருக்கா. சீட்டு இருக்கு. அந்த மூணு நாளும் சிரிச்ச மூஞ்சி!"

வடிவம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் சிரித்தாள்.

"நன்னா இருக்குன்னு போட்டாத்தான் மருந்து தருவான்னு எஸ்டேட் லயத்துல யாராவது சொல்லிக் குடுத்தாளா?"

"ஐயோ, இல்ல சேச்சி. பேரை மட்டும் அடிச்சிராதீங்க. முன்னல்லாம் மாசம் தவறாம ரத்தம் ஏத்துவோம். இந்த மருந்துக்கு அப்புறம் ஒரு தரம்கூட ஏத்தல."

பொய்க் குறிப்பு எழுதுகிற பிள்ளையை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது ஆராய்ச்சியை நடத்துகிற ஸ்வப்னா டாக்டரின் கண்டிப்பு. அதற்கான படிவம் மேஜைமேல் இருந்தது. 'நீக்கம்' என்ற கட்டத்தில் இசக்கிசெல்வியின் பெயரைக் காலையிலேயே எழுதியாகிவிட்டது.

அனந்தலக்ஷ்மியின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மலையாள நோட்டைத் தமிழில் எழுதிக்கொடுத்தவளே அவள்தான். கரமனை அக்ரஹாரத்துக்காரி, இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் ஆராய்ச்சி தொடங்கிய முதல் மாதம், இசக்கிசெல்வி சேருமுன்பே, ஒரு கூத்து நடந்தது. தளவாய் என்ற பிள்ளையின் நோட்டில் 'கால் வலி' என்று இருந்தது. மலையாளத்தில் வலி என்றால் இழுப்பு. கம்ப்யூட்டரில் ஏற்றுகிற சுதீஷ் அப்படியே இழுப்பு என்று ஏற்றிவிட்டான். கால் நோகிற பிள்ளையின் மூக்கில் ஆவிக் குழாயை மாட்டி உட்கார வைத்துவிட்டார்கள்.

"எந்தா சேச்சி, தமிழன்மார்க்கு காலிலும் இழுப்பு வருமோ?" என்று சுதீஷ் ஒரு வாரம் கிண்டலடித்தான்.

அன்றே தமிழ் நோட்டில் வலி என்ற சொல்லே இல்லாமல் மாற்றி எழுதினாள். அதற்குப் பிறகு ஒரு குழப்பமும் வந்ததில்லை. இப்போது இது.

"சரி, இந்த ஒரு நாள் மட்டும் ஏன் அழற மூஞ்சி?"

வடிவம்மாள் தேதியைக் கேட்டு, விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "அன்னைக்கு... எங்க அத்தை தவறிட்டாகன்னு நான் வள்ளியூர் போயிருந்தேன் சேச்சி. இவ அப்பாகூட இருந்தா."

"அன்னிக்கு ரொம்ப வலிச்சுதாடி, கொழந்தே?"

இசக்கிசெல்வி அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "அம்மா கொஞ்சம் வெளிய இருக்கட்டும்" என்றாள்.

வடிவம்மாள் எழுந்து போனாள். கதவு சாத்தியதும் பிள்ளையின் சிரிப்பு நின்றது. இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, இப்பவும் வலிக்கறதா?"

"பஸ்ஸில ஏறுனதுல இருந்து."

"பின்னே ஏன் அவ்வளவு நாழி சிரிச்சுண்டு இருந்தே?"

"அம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்கல்லா. நான் மூஞ்சியைச் சுளிச்சா அம்மாவுக்குச் சோறு இறங்காது, ஆன்ட்டி."

"ஆஸ்பத்திரியில கிடந்தப்போ?"

"மூணு நாளும் அம்மா பக்கத்துலயே இருந்தாங்க."

"வள்ளியூர் போன அன்னிக்கு?"

"அன்னைக்குக் கொஞ்சம்தான் வலி. ஆனா சிரிக்க வேண்டாம்லா. அதனால நல்லா அழுதேன்."

அனந்தலக்ஷ்மியின் குரல் இறங்கிவிட்டது. "அதெல்லாம் சரிடி. அதுக்காக நோட்டுல பொய் எழுதலாமா?"

பிள்ளைக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது.

"பொய் எழுதலை ஆன்ட்டி!"

நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிறவள். தமிழை விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகத்தான் வாசிக்க வரும்.

"இன்று... உன்... முகம்... எப்படி... இருந்தது?" நிமிர்ந்து பார்த்தாள். "முகத்தைத்தானே கேட்டிருக்கு? அது சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. வலியை யாரும் கேக்கலையே!"

அனந்தலக்ஷ்மி அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். முதல் வேலையாக நர்ஸைக் கூப்பிட்டு வலிக்கு மாத்திரை கொடுக்கச் சொன்னாள்.

பிறகு படிவத்தை எடுத்து, 'நீக்கம்' என்ற கட்டத்தில் இசக்கிசெல்வியின் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினாள்:

'நான் எழுதிய கேள்வி.'