வாய்க்கொழுப்பு

“பஸ் டிரைவரா இருந்தீங்களா சார்? ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்தி, ஜனங்களை ஓட வைப்பீங்களே, அந்த பஸ்ஸா?”

தெரபிஸ்ட் பெண் கேட்ட கேள்வி, ஆஸ்பத்திரியின் சிகிச்சைக் குளத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த டிரைவரின் மனைவிக்குச் சுருக்கென்றது.

நெஞ்சளவு வெதுவெதுப்பான தண்ணீரில், ஓரத்துக் கம்பியை இறுகப் பிடித்தபடி நின்றார் டிரைவர். இடுப்பு மூட்டை மாற்றி மாதங்கள் ஓடிவிட்டன. மூட்டு கச்சிதமாகப் பொருந்திவிட்டது, வாக்கரைத் தூக்கி மூலையில் போடுங்கள் என்று டாக்டரே சொல்லியாயிற்று.

அவர்தான் விடுவதாயில்லை. தண்ணீரில் பஞ்சாக நடப்பவர், தரைக்கு வந்தால் “விழுந்துடுவேன்” என்று வெடவெடப்பார். மனுஷன் இப்படியே முடங்கிவிடுவாரோ என்பதே அவள் கவலை.

இந்த லட்சணத்தில் இன்றைக்கு இந்தப் பெண் தண்ணீரில் இறங்கக்கூட இல்லை. கரையோரச் சுவரில் சாய்ந்துகொண்டு வம்பு வளர்க்கிறாள்!

“ஏம்மா, யாரைப் பாத்து என்ன கேக்குற? என் வண்டி ஸ்டாப்ல கோடு போட்ட மாதிரி நிக்கும்!”

“எல்லா டிரைவரும் இதையேதான் சொல்றாங்க. படியில ஒரு கால் வச்சதும் கிளப்புறது?”

“நானா? கைக்குழந்தைக்காரி உக்காந்தப்புறம்தான் கியரையே தொடுவேன்!”

“அங்க நின்னு கத்தினா ஒண்ணும் கேக்கல சார். கிட்ட வந்து சொல்லுங்க.”

அவர் கம்பியை விட்டார். விரலை ஆட்டிக்கொண்டே அவளை நோக்கி வந்தார். கோபம் தாளாமல் திரும்பிப் போனார். இன்னொன்று ஞாபகம் வரவே மறுபடி வந்தார்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மகளுக்குப் போன் போட்டாள்.

“அப்பாவை மட்டு மரியாதையில்லாம பேசுறாடி. நாளைக்கே வேற இடம் பாரு.”

“இரும்மா. அங்க கத்துறது அப்பாவா?” என்றாள் மகள். “இந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சும்மா!”

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

குளத்தில், தண்ணீரின்மேல், அவள் கணவர் நடந்துகொண்டிருந்தார்.

தன்னையறியாமல் கை கூப்பிவிட்டாள். பிறகுதான் கண்ணில் பட்டது. லிஃப்ட் போல ஏறி இறங்கும் குளத்தின் அடித்தரை மெல்ல மெல்ல உயர்ந்து, அவர் பாதத்தை மட்டும் நனைக்கும் அளவுக்கு மேலே வந்திருந்தது. மார்பளவில் தொடங்கியவர் முழு பாரத்தையும் தன் காலிலேயே தாங்கி, அது தெரியாமலே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

சுவரில் சாய்ந்தவளின் ஒரு கை, முதுகுக்குப் பின்னால், தரையை உயர்த்தும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. இன்னொரு கை, அவர் தடுமாறினால் தாங்கிக்கொள்ளத் தயாராக நீண்டிருந்தது. பார்வை அவர் கால்களைவிட்டு அகலவில்லை.

“ஏங்க...” என்று வாயெடுத்த மனைவியைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள் அந்தப் பெண். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

குரலில் மட்டும் அதே கொழுப்பு:

“சரி சார், ரிவர்ஸாவது ஒழுங்கா எடுப்பீங்களா?”